பொய் சொன்ன மூன்று டேப்புகள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நூல்கடையில் கிடைத்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எலாஸ்டிக் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். சட்டைக் கழுத்தோரம் வரிசையாகக் குண்டூசி, விரல் நுனியெல்லாம் சாக்கட்டித் தூள். தையல்காரி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கையிலிருந்த அளவு டேப்பைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் விசிறிப் போட்டாள்.

"அண்ணே, இதுவும் பொய் சொல்லுது."

நூல்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "டேப்பு எப்படிம்மா பொய் சொல்லும்? அதுக்கென்ன வாயா இருக்கு?"

"மூணாவது டேப்பு இது. ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல. எங்கேர்ந்து பிடிச்சுட்டு வரீங்க இதையெல்லாம்?"

"ஊர்ல இருக்கற அத்தனை தையல்காரங்களும் இதைத்தான் வாங்கறாங்க தங்கச்சி."

"அப்ப அத்தனை பேர் தைக்கிறதும் கோணலாத்தான் இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். டேப்பே வேண்டாம் என்று சொல்லி, பதிலுக்கு வெள்ளை நூல்கண்டு இரண்டை வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. அவள் வீடு எங்கே, வீட்டில் யார் யார், எதுவும் தெரியாது.

அந்த வாரமே, என் கதைகளைக் கேட்க வருகிற உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "நீங்க எப்பவும் பிரசவத்தையே சொல்றீங்கம்மா. கதவுக்கு வெளிய புருஷன் நடக்கறதும் உள்ள குழந்தை அழறதும். அதுக்கு முன்னாடி முதல் சில வாரம் இருக்கே, யாரைப் போய்ப் பாக்கறது, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம முழிக்கறது, அதை வச்சு ஒண்ணு சொல்லுங்களேன்." கேட்டவள் முகத்தைப் பார்த்தேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சரி என்றேன்.

ஆகவே என் திட்டம் சின்னது. ஒரு தையல்காரி. எட்டு வாரக் கர்ப்பம். நல்ல மருத்துவச்சியைத் தேடிப் போகிறாள், கண்டுபிடிக்கிறாள். பயமில்லாமல் கேட்கிற கதை. நடுவில் ஓர் இடத்தில் சிரிப்பு வரட்டும் என்று டேப் சண்டையையும் சொருகிக்கொண்டேன்.

அந்தச் சொருகல்தான் என் தலையில் கல்லைப் போட்டது. அதற்கு வருகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வெயில் ஜன்னல் வழியாக —" (அடித்துவிட்டேன். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

இரண்டாவது: "ஒரு குழந்தைக்காக அவள் இருபது வருடம் ஏங்கிக் —" (இதையும் அடித்தேன். அவள் ஏங்கவில்லை. அந்த ஏக்கத்தை எப்போதோ மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியவள்.)

மூன்றாவது நின்றது:

டேப்பக்கா குளியலறைக் கதவைத் திறந்தபோது அவள் புருஷன் பாதி முகம் மழித்து, மீதி முகத்தில் நுரையோடு நின்றிருந்தார்.

(டேப்பக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். தூங்கும்போதும் கழுத்தில் டேப் கிடக்கும் என்று சொல்வார்கள். புருஷன் பேருந்து ஓட்டுகிறவர். அவரை ஓட்டுநர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

"கண்ணாடி இல்லாம எனக்கென்ன தெரியும்? ஜுரமா உனக்கு?"

"ஜுரம் பாக்கறது இல்ல இது. ரெண்டு கோடு தெரியுதா, ஒண்ணா?"

கண்ணாடியைத் தேடி மாட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு. ரெண்டுன்னா நல்லதா, கெட்டதா?"

சொன்னாள். நாற்பத்திரண்டு வயது மனைவி, ஐம்பதைத் தொடப்போகும் புருஷனிடம், குழாயடியில் நின்று சொன்னாள். அவர் முகத்தில் நுரை காய்ந்து வெடிக்கும்வரை அப்படியே நின்றார்.

"தேதி முடிஞ்சுபோன சரக்கா இருக்கும். டப்பாவைக் காட்டு."

தேதி இருந்தது.

"அப்ப கம்பெனி சரியில்ல." பாதி மழித்த முகத்தோடு தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் வேறு கம்பெனி வாங்கிவந்தார். அதிலும் இரண்டு கோடு. இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டார். இந்த வீட்டில் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவார்கள்.

(இந்த வரியை எழுதிவிட்டு நான் சிரித்தேன். எழுதினவளுக்கே அப்போது அது எட்டவில்லை.)

அன்று அவர் பேருந்து பதினொரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நிறுத்தத்தில் நின்றவர்கள் திட்டினார்கள். "சாரிங்க, வீட்ல ஒரு விசேஷம்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கியரைப் போட்டார்.

3

டேப் விஷயம் இங்கேதான் வருகிறது. சொருகல் என்றேனே, அது.

டேப்பக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேறு எந்தத் தையல்காரியும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மாதம் முதல் தேதி கடையைத் திறந்ததும் டேப்பைத் தன் இடுப்பில் சுற்றுவாள். முப்பத்து நாலு காட்டினால் டேப் சரி. காட்டாவிட்டால் டேப் தப்பு. கடை வைத்த நாளிலிருந்து அவள் இடுப்பு முப்பத்து நாலு. வீட்டில் எது மாறினாலும் அது மாறவில்லை. மற்றவர்கள் இரும்பு ஸ்கேலில் வைத்து டேப்பைச் சோதிப்பார்கள். இவளுக்கு இவள் உடம்பே ஸ்கேல்.

நாலு மாதம் முன்னால் புது டேப் முப்பத்தைந்தரை காட்டியது. கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டாள். அடுத்தது முப்பத்தேழு. அதையும் போட்டாள். மூன்றாவது முப்பத்தெட்டு. அதைப் போட்ட அன்றைக்குத்தான் நான் பார்த்தேன் — இல்லை, நான் பார்த்தது வேறொரு தையல்காரியை. எழுதும்போது இரண்டு பேரும் ஒட்டிக்கொள்கிறார்கள், மன்னியுங்கள்.

கடைசியில் சுவரிலிருந்த பழைய டேப்பை எடுத்தாள். பதினாலு வருடமாக ஆணியில் மாட்டி, அதன் நுனியில் பெரிய கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருந்த டேப். அது முப்பத்தைந்து காட்டியது. "ஒரு இஞ்சு வயசுக்குப் போகட்டும். இதுதான் யோக்கியமான டேப்பு" என்று கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

* நடுவில் ஒரு கேள்வி வரும் உங்களுக்கு: இழுபட்டு நீண்டுபோன டேப்பில் தைத்தால் துணி பொருந்துமா? பொருந்தும். அளப்பதும் அதே டேப், வெட்டுவதும் அதே டேப் என்றால் தப்பும் தப்பும் கழிந்துவிடும். அளவைத் தாளில் எழுதி அனுப்பும் பள்ளிக்கூடச் சீருடைகள் மட்டும் அந்த வருடம் தொளதொளவென்று போயின. வளர்கிற பிள்ளைகள்தானே என்று பெற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

4

ஏன் எட்டு வாரம்?

வயிற்றெரிச்சல் மாத்திரை வாங்க ஐந்தாவது தடவை போனபோது, மருந்துக்கடைப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்து, "கடைசியா எப்பக்கா தலைக்குக் குளிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு மாசம் ஆச்சு. அதுவும் லேசாத்தான். நிக்கற வயசு, அப்படித்தானே இருக்கும்?" என்றாள் இவள். அந்தப் பெண் மாத்திரையோடு இன்னொரு சின்ன டப்பாவையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அந்த இரண்டு மாதத்தைத்தான் இவள் எட்டு வாரம் என்று எண்ணினாள். நானும் எண்ணினேன்.

இனி, அவள் ஏன் மருத்துவச்சியைத் தேடினாள் என்பது. இதை ஒரே தடவைதான் சொல்வேன்.

இருபது வருடம் முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை வயிற்றில் இருந்தது. நாள் நெருங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். காலையில் வந்த நர்ஸிடம், "நேத்துலேர்ந்து அசைவு கம்மியா இருக்கு" என்றாள். "இதோ பாக்கறேம்மா" என்று போன நர்ஸுக்கு வேலை நேரம் முடிந்துவிட்டது. மதியம் வந்தவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், எத்தனையாவது என்று கேட்டார். அவரிடமும் சொன்னாள். "டாக்டர் வரட்டும்" என்றார். டாக்டருக்கு முன்னால் மூன்றாவது ஆள் வந்து, முதலிலிருந்து பெயர் கேட்டார். கருவியைக் கொண்டுவந்து வயிற்றில் வைத்தபோது, கேட்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

"மூணு பேரும் நல்லவங்கதான்" என்பாள், யாராவது ஆஸ்பத்திரியைத் திட்டினால். "யாரைன்னு திட்டறது?"

அதனால் இந்தத் தடவை அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "நான் ஒரு தடவை சொன்னா, அதைக் கேட்ட அதே ஆள் திரும்ப வந்து, இப்ப எப்படியிருக்குன்னு கேக்கணும்." ஓட்டுநரிடம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "வேற எதுவும் வேணாங்க எனக்கு. ஒரே ஆள். கடைசிவரைக்கும் ஒரே ஆள்."

"நான் ஒரே ஆளாத்தானே இருக்கேன் இத்தனை வருஷமா?" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒண்ணு சொன்னா ரெண்டு ஸ்டாப்பு தாண்டித்தான் காது கேக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

5

அவளிடம் துணி தைக்கிறவர்களில் ஒரு டீச்சர் இருந்தார். நிறைமாதத்துக்கு இன்னும் நாலு மாதம். அவருடைய கவுனை டேப்பக்கா மூன்று தடவை பிரித்து விட்டிருக்கிறாள். மூன்றாவது தடவை, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:

"டீச்சர், நீங்க யார்கிட்ட காட்டறீங்க? ஒரு கஸ்டமர் கேட்டாங்க."

"சைக்கிள் கடை மாடியில ஒரு மருத்துவச்சி இருக்காங்களே, அவங்கதான். முதல் நாள்லேர்ந்து பெத்து எடுக்கறவரைக்கும் அவங்களே கூட இருப்பாங்க. டாக்டர்கிட்ட போகணும்னாலும் கூடவே வருவாங்க. ஆனா மாசத்துக்கு நாலு பேருக்கு மேல எடுக்க மாட்டாங்க. சீக்கிரம் சொல்லணும்."

"சரி, சொல்றேன் அவங்ககிட்ட."

டீச்சர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "கஸ்டமருக்கா?"

"கஸ்டமருக்குத்தான்."

"அந்தக் கஸ்டமருக்கு எத்தனை வாரம்?"

"எட்டு" என்று சொல்லி, குண்டூசி ஒன்றை விழுங்கப் பார்த்தாள். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மருத்துவச்சியின் தொலைபேசி எண்ணை எழுதி, தாளை மடித்து அவள் கையில் வைத்து அழுத்தினார்.

தொலைபேசியில் மருத்துவச்சி அதிகம் பேசவில்லை. வயது, எத்தனை வாரம், முன்னால் ஏதாவது பிரசவம். பிறகு தாள் புரளும் சத்தம். "எட்டு வாரம்னா... ஏழு மாசம் தள்ளி வர பக்கம். அதுல மூணு பேர் இருக்காங்க. நாலாவது கோடு உங்களுக்கு வச்சுக்கறேன் அக்கா. வெள்ளிக்கிழமை வாங்க, பாத்துட்டுப் பேரை எழுதிடலாம்."

நாலாவது கோடு! போனை வைத்துவிட்டு டேப்பக்கா தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதினாள். என்ன மாத்திரை. எந்த ரத்தப் பரிசோதனை. மெஷின் மிதிக்கலாமா. துணிக்கட்டு தூக்கலாமா. கடைசியாக, சின்ன எழுத்தில், நடுராத்திரி கூப்பிட்டாலும் எடுப்பீங்களா.

இதுவரை என் திட்டப்படிதான் போகிறது, பார்த்தீர்களா. வெள்ளிக்கிழமை போவாள், பெயரை எழுதுவார்கள், கதை முடியும்.

6

மாடி அறை சின்னது. கட்டில் மேல் வெள்ளைக் காகித விரிப்பு. ஜன்னல் திரையின் அடிமடிப்பு ஒரு பக்கம் பிரிந்து தொங்கியதை டேப்பக்காவின் கண் உள்ளே நுழைந்ததுமே பிடித்துவிட்டது. ஓட்டுநர் மேலே வரவில்லை. "பொம்பளைங்க இருக்கற இடம்" என்று கீழே சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டார்.

மருத்துவச்சிக்கு முப்பத்தைந்து இருக்கும். கை கழுவிக் கழுவித் தோல் வெளுத்த விரல்கள். ரத்த அழுத்தம் பார்த்தார். பழைய கதையைக் கேட்டார். டேப்பக்கா சொல்லி முடித்ததும், பேனாவை எடுத்துக்கொண்டு ஒன்று கேட்டார்: "அன்னிக்கு முதல்ல என்ன சொன்னீங்க அக்கா? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க. அப்படியே எழுதிக்கறேன்."

"நேத்துலேர்ந்து அசைவு கம்மியா இருக்குன்னு சொன்னேன்."

எழுதினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை ஒரு தாளில் ஏறியது. இவர்தான் அந்த ஒரே ஆள் என்று டேப்பக்காவுக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

"படுத்துக்கோங்க. எட்டு வாரத்துல கைக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா ஒரு தடவை பாத்துடறேன்."

மருத்துவச்சி வயிற்றில் கை வைத்தார்.

கை நின்றது.

(என் பேனாவும் நின்றது. "எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி —" என்று எழுதத்தான் இருந்தேன். அந்த வாக்கியம் பாதியில் கிடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.)

கை கீழே போயிற்று, மேலே வந்தது, தொப்புளுக்குச் சற்று மேலே வந்து தங்கியது. "அக்கா, எட்டு வாரம்னா சொன்னீங்க?"

"எட்டு வாரம், ரெண்டு நாள்."

மருத்துவச்சி மேசையிலிருந்து டேப்பை எடுத்தார். அடிவயிற்று எலும்பிலிருந்து மேலே பிடித்து அளந்தார். மறுபடி அளந்தார். "இருபத்து மூணு."

"என்ன இருபத்து மூணு?"

"சென்டிமீட்டர். முன்னப் பின்ன ஒண்ணு ரெண்டு இருக்கலாம். ஆனா ஏறக்குறைய வாரமும் அதுதான்."

டேப்பக்கா முழங்கையை ஊன்றி எழுந்தாள். "உங்க டேப்பு தப்பு சிஸ்டர்."

"டேப்பா?"

"இப்ப வர டேப்பெல்லாம் அப்படித்தான். என் பையை எடுங்க. அதுல நல்ல டேப்பு இருக்கு."

எடுத்துக் கொடுத்தார். டேப்பக்கா தானே படுத்து, தானே பிடித்து அளந்தாள். சென்டிமீட்டர் போட்டிருந்த பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "இருபத்தொண்ணு! பாத்தீங்களா?" என்று ஜெயித்தவள்போலச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்த எண் அவள் காதில் விழுந்தது.

இருபத்தொன்றும் எட்டு இல்லையே.

மருத்துவச்சி இரண்டு டேப்பையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, தலைகளைச் சேர்த்துப் பிடித்தார். நடுவிலேயே இரண்டும் விலக ஆரம்பித்தன. மருத்துவச்சியின் டேப் மேசை விளிம்போடு முடிந்தது. டேப்பக்காவுடையது விளிம்பைத் தாண்டி ஐந்து அங்குலம் தொங்கி ஆடியது.

"இதுல என்ன தொங்கவிட்டிருந்தீங்க?"

"கத்தரிக்கோல்" என்றாள் டேப்பக்கா. "பெரிய கத்தரிக்கோல்."

மருத்துவச்சி சின்னக் கருவி ஒன்றை வயிற்றில் வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார். கரகரவென்று சத்தம். பிறகு அதற்குள்ளிருந்து வேறொரு சத்தம், வேகமாக, விடாமல்.

"யாரு மெஷின் ஓட்டறது?" என்றாள் டேப்பக்கா.

"உங்க குழந்தைதான் அக்கா."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசைவு எதுவுமே தெரியலையா உங்களுக்கு?"

"வாயுன்னு நெனச்சேன்." கட்டிலின் காகித விரிப்பைக் கையால் நீவினாள். "தினம் சாயங்காலம், மெஷினை நிறுத்தின உடனே, உள்ள தட்டும். நான் மாத்திரையைப் போட்டுப்பேன்."

"அக்கா..."

"அன்னிக்கு நான் சொன்னதை மூணு பேர் கேக்கல சிஸ்டர். இது தினம் தினம் சொல்லியிருக்கு. நான் மாத்திரை போட்டிருக்கேன்."

7

அவளை அந்தக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டு, நான் எழுந்துவிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. எட்டு வாரம் என்று நான்தான் போட்டேன். மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். முப்பத்தைந்தரை, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. என் கையால் எழுதியது. சிரிப்புக்காக எழுதியது! கண்ணெதிரே ஒரு பெண்ணின் வயிறு மாதாமாதம் வளர்ந்திருக்கிறது, நான் டேப்பைப் பற்றி நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது. கதையில் வருகிறவள் போகட்டும். அந்த நூல்கடைப் பெண்?

மறுநாள் கடை திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன். நூல்கடைக்காரர் கதவைத் தள்ளும்போதே கேட்டேன்: "மூணு டேப்பைத் திருப்பிக் கொடுத்தாங்களே ஒரு அம்மா, அவங்க வந்தாங்களா?"

"அதுக்கப்புறம் வரலையே. ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. ஏன்?"

"வீடு எங்கன்னு தெரியுமா?"

"நூல் வாங்கறவங்க வீட்டையெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? என்னம்மா விஷயம், மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"அந்த டேப்பெல்லாம் இருக்கா?"

டிராயரைக் குடைந்து மூன்றையும் எடுத்துப் போட்டார். துணி அளக்கும் இரும்பு ஸ்கேல் ஒன்று அவரிடம் உண்டு. ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தோம். நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், கண்ணுகளா. ஒன்றாவது கோணலாக இருக்கட்டும், ஒன்றாவது.

மூன்றும் ஒரு நூல் பிசகவில்லை.

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். நான் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "உடம்பு போட்டுட்டீங்க தங்கச்சின்னு சொல்லிச் சிரிக்கத்தான் இருந்தேன்" என்றார். "கோவிச்சுக்கிட்டு வராமப் போயிடுவாங்களேன்னு விட்டுட்டேன்."

வேறு ஏதாவது காரணம் இருக்கலாம். உடம்பு பெருத்திருக்கலாம். அவள் எதில் வைத்துச் சோதித்தாளோ, எனக்கென்ன தெரியும்? இடுப்பில் சுற்றிப் பார்க்கும் பழக்கம் நான் கற்பித்ததுதானே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

8

மாடி அறைக்குத் திரும்புவோம். அவள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவச்சி தண்ணீர் கொடுத்திருக்கிறார். இன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளைக்கே ஸ்கேன், டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். டேப்பக்கா அந்தக் கையையே பார்க்கிறாள்.

"நாலாவது கோடு?" என்றாள்.

மருத்துவச்சியின் பேனா நின்றது. "அது ஏழு மாசம் தள்ளி இருக்கற பக்கம் அக்கா. உங்களுக்கு நாலு மாசம்கூட முழுசா இல்ல. உங்க மாசத்துப் பக்கத்துல ஏற்கெனவே நாலு பேரும் இருக்காங்க."

இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: "அப்போது தொலைபேசி ஒலித்தது. நாலு பேரில் ஒருத்தி வேறு ஊருக்குப் —" (கிழித்துவிட்டேன். கதை எழுதுகிறவளுக்கு வசதியாக யாரும் வீடு மாறுவதில்லை.)

இன்னொன்று: மருத்துவச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறார். நல்ல கடிதம். டேப்பக்கா அதை வாங்கிப் பையில் வைத்து, படியிறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் — (அந்த வாசலுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. உள்ளே முதல் கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உங்க பேரு?)

ஆகவே அவர்களையே பேசவிட்டேன்.

"அஞ்சாவதா என்னைச் சேத்துக்கக் கூடாதா சிஸ்டர்?"

"சேத்துக்கலாம். எழுதறதுக்கு என்ன, ஒரு வரிதான். ஆனா நான் ஒரு ஆள். ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல வலி வந்தா, ஒருத்தர் பக்கத்துல முகம் தெரியாத யாரோதான் போய் நிப்பாங்க. அது வேணாம்னுதானே நீங்க இங்க வந்தீங்க?"

"ஆமா."

"இன்னொருத்தருக்கு மட்டும் அப்படி ஆகலாமா?"

அந்த இன்னொருத்தர் யாராக இருக்கக்கூடும் என்று டேப்பக்காவுக்குத் தெரியும். டீச்சருக்கும் அதே மாதம்தான், அந்த நாலில் ஒரு பெயர் அவருடையது. எண்ணை எழுதிக் கொடுத்துக் கையை அழுத்திய டீச்சர். அவள் தலை குனிந்தது. பையை எடுத்தாள். செருப்பைக் காலால் தேடினாள்.

(போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவிடுவதா, நிறுத்துவதா என்று ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை.)

ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, மற்றதைப் போடாமல் நின்றாள். ஜன்னல் திரையின் பிரிந்த மடிப்பைப் பார்த்தபடி பேசினாள்.

"அந்த டீச்சர் கவுனை மூணு தடவை பிரிச்சு விட்டேன் சிஸ்டர். பிரிச்சு விடறதுக்குத் துணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்க கேக்கல. யாரும் கேக்க மாட்டாங்க. நான் எதைத் தைச்சாலும் உள்பக்கம் ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன். வெளிய தெரியாது. நாளைக்கு அந்த உடம்பு என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்? அதுக்காக விடறது."

மருத்துவச்சி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க நாலு பேருன்னு வச்சிருக்கீங்க. சரிதான். டீச்சருக்கு வர வேண்டிய எதையும் நான் கேக்கல. ஆனா உங்க நோட்டுல, உள்பக்கமா, அந்த மாதிரி ரெண்டு விரல் ஏதாவது விட்டிருக்கீங்களா? பிரசவத்துக்கு வராட்டியும் பரவாயில்ல. நான் சொன்னா, திரும்பி வந்து கேக்கற அளவுக்கு. அவ்வளவு இடம்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கிறார்கள். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் அங்கே நின்று, கடைக்காரரிடம் சின்னச் சைக்கிள் என்ன உயரத்தில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மருத்துவச்சி நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்த மாதத்துப் பக்கத்தைத் திறந்தார். நாலாவது பெயருக்கும் தாளின் அடி விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

9

இதற்கு மேல் நான் தைக்கப்போவதில்லை. அந்த விரலுக்குக் கீழே என்ன எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியும்போலவும் இருக்கிறது, தெரியாததுபோலவும் இருக்கிறது. எட்டு வாரம் என்று அடித்துச் சொன்னவள் நான். என் அளவை இனி நீங்கள் நம்பக் கூடாது.

அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். பிரித்து விடுவதோ, அப்படியே மடித்துத் தைப்பதோ உங்கள் கையில். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் தெருவில், பக்கத்துத் தெருவில், சட்டைக் கழுத்தோரம் குண்டூசி குத்திய ஒரு தையல்காரி இருப்பாள். நாற்பதைத் தாண்டியவள். இப்போது வரும் டேப் எதுவும் சரியில்லை என்று உங்களிடம் குறைபட்டுக்கொள்வாள். கடைக்குள் போய் உட்காருங்கள். மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். அவள் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

பிறகு, டேப் பொய் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

சிரிக்காமல் சொல்லுங்கள். நான் சிரித்துவிட்டேன்.